அறுநூறு பேருக்கு ஒரே அடுப்படி

மண்வெட்டி

நான் சமையல் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கையில் கொடுத்தது கரண்டி அல்ல, மண்வெட்டி. கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டி அதில் கொட்டச் சொன்னார்கள். கொட்டினேன். துப்பாக்கியோடு பக்கத்தில் நின்ற காவல்காரர் அதன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றினார். பிறகு மண்ணைத் தள்ளி மூடச் சொன்னார்கள். எனக்கு அப்போது பதினாலு வயது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

இன்று என் கேட்டரிங்கில் வேலைக்கு வரும் பிள்ளைகள் மிச்சச் சோற்றைக் குப்பைத் தொட்டியில் தட்டும்போது நான் எரிந்து விழுகிறேன். “பெரியம்மாவுக்கு வயசாயிடுச்சு லா” என்று அவர்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. வயதானது உண்மைதான், காது இன்னும் நன்றாகவே கேட்கிறது. திட்டுவதோடு காரணத்தையும் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதச் சொன்னேன்.

அது ஐம்பதுகளில் மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே பட்டாளம், நடுவில் தோட்டத்து மக்களான நாங்கள். எங்கள் ரப்பர் தோட்டம் கம்போங் குவாந்தானுக்கு மேலே, சிலாங்கூர் ஆற்றை ஒட்டி இருந்தது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு ஒரே ஒரு கேட் வைத்தார்கள். பாலுக்கு ரப்பர் மரத்தைக் கீறுவதை நாங்கள் மரம் வெட்டுவது என்போம், அப்படி வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே எடுத்துப் போகக் கூடாது. கேட்டில் பெண்களின் கொண்டையை அவிழ்த்துக்கூடப் பார்த்தார்கள். அதன்பிறகு, வீட்டில் அரிசியே இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது.

அதற்கு அவர்கள் சொன்ன நியாயம் இது: அரிசியை ஒளித்துவைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியும், சோற்றை அனுப்ப முடியாது, ஒரே நாளில் கெட்டுவிடும். அதனால் அறுநூறு பேருக்கும் ஒரே கொட்டகையில் சோறாக்கி, தலைக்கு இவ்வளவு என்று அளந்து போட்டார்கள். நாலு பெண்கள் சமைத்தார்கள். அதில் ஒருத்தி செல்லம்மா, என் அம்மா. நான் மண்வெட்டியோடு நின்றது அவளுடைய இடத்தில்.

அம்மா சொன்ன பதில்

அப்பாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கள்ளுக்கடை மூடும்வரை குடிப்பார், வீட்டுக்கு வந்து அடிப்பார். தங்கை பிறந்த மாதம் சபாக் பக்கம் தென்னந்தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று போனவர், அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அடி நின்றதில் எனக்குச் சந்தோஷம்தான். பசிதான் நிற்கவில்லை. தம்பி முனியாண்டிக்கு எட்டு வயது. தங்கை சரசு அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள், இன்னும் பால் மறக்கவில்லை.

அண்டாவின் அடிச்சோற்றை அம்மா வீட்டுக்குக் கொண்டுவருவாள். அப்போது அதற்குத் தடை இல்லை. உப்பும் காய்ந்த மிளகாயும் சீரகமும் சேர்த்துப் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் சின்னச் சின்னதாகக் கிள்ளி வைத்து, கோழிக்கூண்டின் மேல் காயவைப்பாள். சோற்று வடகம். எங்கள் லயத்தில் எல்லா வீட்டுப் பெண்களும் அதைப் போட்டார்கள். சோற்றைக் குப்பையில் கொட்ட யாருக்கும் கை வராது, அவ்வளவுதான் விஷயம். இது சட்டத்துக்கு விரோதம் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் லயங்களைச் சோதனை போட ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். சின்ன வயசுக்காரர். மொழிபெயர்க்க எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தா, எங்களுக்கு அவர்தான் அரசாங்கம். எங்கள் ரூமில் ஒரு பிஸ்கட் டின் நிறைய வடகம் இருந்தது. அதிகாரி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“இது என்னானு கேக்குறார்” என்றார் கிராணி.

“சோத்து வடகம்ங்க. இருக்கச் சொல்லுங்க, ரெண்டு பொரிச்சுத் தரேன்” என்று அம்மா அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

“அதெல்லாம் வேணாம். எத்தன நாளைக்குக் கெடாம இருக்கும்னு கேக்குறார்.”

அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவள் சமையலைப் பற்றி அதுவரை யாரும் அவளிடம் மதித்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. “ஒரு வருசம் வச்சாலும் கெடாதுங்க துரை. நான் போட்டா பூச்சிகூடப் புடிக்காது” என்றாள்.

கிராணி அதிகாரி பக்கம் திரும்பினார். அவள் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். “ஒரு வாரம்” என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம். அவருக்கும் வேலையும் குடும்பமும் இருந்தது, பயம் இருந்தது என்று இப்போது விளங்குகிறது. விளங்கினாலும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அந்த மனுஷனை நான் நெடுங்காலம் திட்டியிருக்கிறேன்.

அதிகாரி டின்னை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கெடாத சோறு, ஒரு டின் நிறைய, முள்கம்பிக்குப் பக்கத்து லயத்தில். காட்டுக்கு அனுப்பத்தான் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டார். ஜீப்பில் ஏற்றும்வரை அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. “புள்ளைக்குப் பால் குடுக்கணுங்க, குடுத்துட்டு வந்துடுறேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் லயத்துச் சாக்கடை முழுக்க வடகம் மிதந்தது. எல்லா வீட்டிலும் டின்னைக் கவிழ்த்திருந்தார்கள். முதலில் கொட்டியது பாக்கியம் அக்கா. எங்கள் அடுத்த ரூம்காரி, அம்மாவோடு ஒரே அடுப்பில் நின்று சமைத்தவள். மறுநாள் நான் அவள் கதவைத் தட்டினேன். “அக்கா, எல்லா வீட்டுலயும் இது வழக்கம்தான்னு ஆபீஸ்ல வந்து ஒரு வார்த்த சொல்லுங்கக்கா” என்றேன். கதவு திறக்கவில்லை. உள்ளே அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

ரூம்

நாலாம் நாள் கிராணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“இந்தா பாரு அஞ்சல, ரூம் வேல செய்யுற ஆளுக்குத்தான். ஒங்க ரூம்ல இப்ப ஆளு இல்ல. சின்னது ரெண்டையும் கோலாலம்பூர்ல அனாதை இல்லத்துல சேத்துக்குவாங்க. ஒன்னய ஒரு வீட்டு வேலைக்குச் சொல்லிவிடுறேன்.”

“எங்கம்மா செத்தா போச்சு? நாங்க எதுக்கு அனாதை இல்லத்துக்குப் போகணும்?” என்று கேட்டுவிட்டேன். “அம்மா வேலைய நான் செய்யுறேங்க ஐயா. அம்மா வர்ற வரைக்கும்.”

அவர் சிரித்தார். “சோறு கிண்டுற துடுப்பு ஒன் ஒசரம் இருக்கு.”

“வளந்துருவேங்க.”

ஏன் ஒப்புக்கொண்டார் என்று தெரியவில்லை. அம்மா சொன்னதை அவர் மொழிபெயர்த்தது அவர் மனதையும் அறுத்திருக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். விடியுமுன் மரம் வெட்டப் போகிறவர்களுக்குச் சோறு நேரத்துக்கு வந்தாக வேண்டும். வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுபோகும். என்னால் ஒரே ஒரு நாள் தாமதமானாலும் வேலை போகும், வேலையோடு ரூம், ரூமோடு தம்பியும் தங்கையும்.

வடகத்துக்குப் பிறகு மிச்சச் சோற்றைப் புதைக்க வேண்டும் என்பது புது உத்தரவு, அதுதான் என் முதல் வேலை. மண்வெட்டியிலிருந்து துடுப்புக்கு வர எனக்கு அதிக நாள் ஆகவில்லை, ஏனென்றால் ஆள் பற்றாக்குறை. மற்ற மூன்று பெண்களும் ஆரம்பத்தில் என்னோடு பேசவே இல்லை. பேசினால் அவர்கள் வீட்டுக்கும் ஜீப் வரும் என்று பயம். அதனால் கண்ணால் பார்த்தும் கையைச் சுட்டுக்கொண்டும் கற்றுக்கொண்டேன். இடது முழங்கைக்குக் கீழே இன்றும் தோல் சுருங்கி இருக்கிறதே, அது கஞ்சி வடிக்கும்போது ஆவி அடித்தது. மருந்து போடப் போனால் நேரமாகும் என்று துணியைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

வீட்டுச் சமையல் வேறு, கூட்டச் சமையல் வேறு. இதைத்தான் என் பிள்ளைகளுக்கு நான் ஓயாமல் சொல்கிறேன். பெரிய அண்டாவில் சோறு வெந்தபிறகு நெருப்பை இழுத்தால் அது களி. முக்கால் பதத்திலேயே விறகை வெளியே இழுத்துவிட வேண்டும், மிச்சத்தை அண்டாவின் சூடே பார்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ரப்பர் விறகு புகையும், எரியாது. அதற்கு முதல் நாளே அடுப்பைச் சுற்றி விறகை நிறுத்தி வாட்ட வேண்டும். முனியாண்டி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த வேலையைச் செய்வான்.

சரசுவை சாரோங் துணியில் என் முதுகில் கட்டிக்கொள்வேன். பால் கேட்டு அழுதாள். சில வாரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு ஆற்றி ஊட்டுவேன், என் தோளைக் கடித்துக்கொண்டே தூங்கிவிடுவாள். அந்தப் புகையில்தான் வளர்ந்தாள்.

சபாக்கிலிருந்து வந்தவர்

ஒருநாள் சாயங்காலம் அப்பா வந்து நின்றார். முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டு, கையில் ஒரு பொட்டலம் மிட்டாயோடு. முனியாண்டி ஓடிவந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

கிராணிக்குச் சுமை இறங்கியது. “அப்பன் வந்துட்டான், இனிமே ரூம் அவன் பேர்ல” என்றார்.

அப்பா வந்த காரணத்தை அவரே சொன்னார். முனியாண்டியைச் சபாக்கில் தேங்காய் உரிக்கும் வேலையில் சேர்க்கப் போகிறார். சரசுவை, பிள்ளை இல்லாத ஒரு குடும்பம் கேட்கிறது, கொடுக்கப் போகிறார்.

“அம்மா வந்து கேட்டா நான் என்னா சொல்றது?” என்றேன்.

“ஒங்கம்மா எங்க வரப் போறா? பெரிய மனுசியாட்டம் பேசாத. நான் பெத்த புள்ளைங்க” என்றார்.

சோறு போடும் நேரம் வந்தது. எல்லாரும் தட்டும் வாளியுமாக வரிசையில் நின்றார்கள். அப்பாவும் வரிசையில் வந்து என் முன்னால் தட்டை நீட்டினார். சரசு என் முதுகில் இருந்தாள்.

“ஒங்க பேரு பதிவுல இல்ல. பேரு இல்லாத ஆளுக்குச் சோறு இல்ல” என்றேன்.

பளாரென்று ஓர் அறை விட்டார். கரண்டி கீழே விழுந்தது. சரசு வீறிட்டு அழுதாள். “எறக்கு புள்ளைய” என்று துணியின் முடிச்சைப் பிடித்து இழுத்தார். நான் அடுப்பு மேடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மேடை கொதித்தது, ஆனாலும் நான் கையை எடுக்கவில்லை.

அப்போது எனக்குப் பக்கத்தில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா தன் கரண்டியை அண்டாவுக்குள் போட்டாள். பலகை மூடியை எடுத்து, தரையில் இறக்கி வைத்திருந்த அண்டாவை மூடினாள். அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மற்ற இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களும் மூடினார்கள்.

வரிசையில் கூச்சல் கிளம்பியது. கிராணி ஆபீஸிலிருந்து ஓடிவந்தார்.

“என்னா இது? சோறு போடுங்கடி! ஸ்டிரைக்குனு மேல எழுதுனா ஒங்களையும் ஏத்திக்கிட்டுப் போயிடுவானுங்க!”

“ஏத்தட்டும் லா” என்றாள் பாக்கியம் அக்கா. அண்டாவை விட்டு இறங்கவில்லை. “செல்லம்மா மட்டுமா வடகம் போட்டா? நானும் போட்டேன். அவள ஏத்துனப்ப என் டின்ன சாக்கடையில கவுத்துட்டுக் கதவச் சாத்திக்கிட்டேன். இந்தப் புள்ள வந்து தட்டுச்சு, நான் தொறக்கல. அதையும் சேத்து எழுதிக்கிங்க. ஆனா இந்த ரூம் அஞ்சல பேர்ல இருக்கணும். இல்லன்னா நாளைக்கு நாங்க அடுப்பு மூட்ட மாட்டோம். யாரு வீட்டுலயாவது ஒரு பிடி அரிசி இருந்தா ஆக்கித் தின்னுக்குங்க.”

யார் வீட்டிலும் அரிசி இல்லை. அரிசி இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது அந்த அரசாங்கமேதான். கிராணி அண்டாவைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். நாளைக் காலையில் ஆட்கள் பசியோடு படுத்துவிட்டால் தோட்டத்து மேனேஜர் துரை முதலில் கேட்பது அவரைத்தான். அதற்குள் வரிசையின் பின்னாலிருந்து ஒருவர் அப்பாவைப் பார்த்துக் கத்தினார், “யோவ், ஒன்னாலதான்யா இம்புட்டும்! ஒதுங்குய்யா!” பசித்த கூட்டம், நாலு பேர் முன்னால் வந்துவிட்டார்கள்.

கிராணி அப்பாவிடம் திரும்பினார். “ஒனக்கு இங்க வேல இல்ல. காலையில லோரி போகுது, ஏறிப் போயிடு.”

பாக்கியம் அக்கா அண்டாவிலிருந்து இறங்கினாள். கீழே கிடந்த கரண்டியைக் கழுவி என் கையில் கொடுத்தாள். “போடு” என்றாள், அவ்வளவுதான். கன்னம் எரிய எரிய நான் அறுநூறு பேருக்கும் சோறு போட்டு முடித்தேன். அப்பா காலையில் லோரியில் போனார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவும் இல்லை.

அம்மா வந்தாள்

அம்மாவைத் தடுப்பு முகாமிலிருந்து விட ஒன்றரை வருஷம் ஆனது. ஒருநாள் மத்தியானம் கேட்டில் சோதனை முடிந்து, கையில் ஒரு துணி மூட்டையோடு நடந்து வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். ரூம் அதே ரூம்தான், பிள்ளைகள் மூன்று பேரும் இருந்தோம். ஒருவரையும் நான் விட்டுவிடவில்லை. அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒன்றரை வருஷமாக மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தேன்.

சரசு என் பின்னால் ஒளிந்துகொண்டாள். “அம்மா, யாரோ வந்திருக்காங்க” என்றாள் என்னிடம்.

“இவங்கதான் பாப்பா அம்மா” என்றேன்.

“இல்ல, நீதான்” என்று என் காலைக் கட்டிக்கொண்டாள்.

அம்மா வாசலிலேயே உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. சரசுவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு, “வுடு, அப்படியே கூப்புடட்டும். இப்பப் போயி மாத்துனா புள்ள பயந்துரும்” என்றாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து சரசு அவளைப் பாட்டியைக் கூப்பிடுவதுபோல ‘ஆயா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். முப்பத்தைந்து வயதுகூட ஆகாத என் அம்மா அதற்கு ‘என்னா சாமி’ என்று பதில் கொடுத்தாள்.

சமையல் கொட்டகைக்கு அவள் திரும்பவே இல்லை. பால் மரம் வெட்டப் போனாள். பிறகு அந்தச் சட்டம் போய், வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்தார்கள். தோட்டமே சிரித்தது, எனக்குத்தான் வேலை போயிற்று. ஆனால் அறுநூறு பேருக்கு நேரம் தவறாமல் சமைக்கத் தெரிந்த ஆள் அந்த வட்டாரத்தில் எத்தனை பேர்? பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். அதைப் பார்த்து இன்னொன்று வந்தது. பாக்கியம் அக்காவைச் சேர்த்துக்கொண்டேன். பிறகு கோலசிலாங்கூர் டவுனில் கடை, ஒரு வேன், இரண்டு லோரி, முப்பது ஆட்கள். என் அம்மாவைக் கொண்டுபோன அதே சட்டம்தான் எனக்குத் தொழிலும் கற்றுக் கொடுத்தது.

சரசுவைப் படிக்க வைத்தேன். டீச்சரானாள். அவள் கல்யாணத்துக்குச் சமையல் என்னுடையதுதான், வேறு யாரை விடுவேன்? சாம்பார் இறக்கிக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படிக்கு வந்தாள். அந்த வருஷங்களுக்குப் பிறகு அவள் நான் சமைக்கும் இடத்துக்குள் கால் வைத்தது அன்றுதான்.

“கையக் கழுவிட்டு வா. பொண்ணு தாய் கால்ல விழணுமாம், ஐயரு கூப்புடுறாரு.”

“நீ போம்மா. நீதான் பெத்தவ.”

“பெத்தேன். பசிச்சப்ப நான் இல்ல, நீ இருந்த. அவ இத்தன வருசமா ஒன்னத்தான் கூப்புடுறா. இன்னைக்கு நான் போயி நின்னா, அது சபைக்காக நிக்கிறதாப் போயிரும். வா” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கையில் வலு இருந்தது.

கரி பிடித்த புடவையோடு போய் மணமேடையில் நின்றேன். என் தங்கை என் காலில் விழுந்தாள். என் அம்மா கூட்டத்தில் மற்ற பெண்களோடு நின்று மஞ்சள் அரிசி போட்டாள். எனக்குப் பொங்கி வந்த அழுகையை அடக்க முடியவில்லை, சபை என்றும் பார்க்காமல் அழுதேன்.

என்னைப் பற்றிப் பேசும்போது, ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தானாக மேலே வந்தவள் என்று மேடையில் சொல்கிறார்கள். பொன்னாடை போடுகிறார்கள். தானாக வந்தேனா? அண்டாவின் மேல் ஒருத்தி ஏறி உட்கார்ந்தாள். இன்னொருத்தி தன் பிள்ளைக்குத் தாய் என்ற இடத்தை எனக்கு விட்டுவிட்டுக் கூட்டத்தில் போய் நின்றாள். பிள்ளைகளே, நீங்களும் ஒருநாள் பெரிய ஆளாக வருவீர்கள், வரவும் வேண்டும். அப்போது உங்களுக்காக யார் பின்னால் போய் நின்றார்கள் என்று திரும்பிப் பாருங்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள். அந்தக் கல்யாணத்தில் நான் மணமேடையை விட்டு இறங்கி வந்து அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பந்திக்கு நேரமாகிவிட்டது என்று நேராக அடுப்படிக்குப் போய்விட்டேன். அவள் போய்ச் சேரும்வரை அதைச் சொல்ல எனக்கு நேரம் வாய்க்கவே இல்லை.